பெயர் தெரியாத ஆட்டக்காரர்களின் பழைய பேஸ்பால் கார்டுகள்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

2022 ஆகஸ்டில், பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் படத்தோடு டாப்ஸ் கம்பெனி 1952-ல் வெளியிட்ட கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பேஸ்பால் கார்டு என்றாலே செய்தியில் வருவது இந்த மாதிரி விலைகள்தான். அதைப் பார்த்துவிட்டு, இது பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுங்கிப் போனவர்கள் நிறைய. ஆனால் அதே 1952-ல், அதே கம்பெனி, அதே வகைத் தாளில் அச்சடித்த இன்னொரு ஆட்டக்காரரின் கார்டை, முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் சரி என்று நினைப்பவர் பத்து இருபது டாலருக்கே வாங்கிவிடலாம். வயது ஒன்று, வடிவமைப்பு ஒன்று, பின்பக்கத்துப் புள்ளிவிவரமும் ஒரே மாதிரி. அட்டையில் இருப்பவர் நட்சத்திரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப்பட்ட கார்டுகளைச் சேகரிப்பாளர்கள் ‘காமன்’ என்பார்கள். எந்தத் தொகுப்பை எடுத்தாலும் பெரும்பகுதி இவைதான். ஐந்து பத்து நட்சத்திரங்களைச் சுற்றி, இரண்டு சீசன் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்பிய பந்துவீச்சாளர், எப்போதும் மாற்று ஆளாகவே உட்கார்ந்திருந்த கேட்ச்சர், ஒரே ஒரு நாள் மட்டும் ஊரே பேசும்படி ஆடிய இரண்டாம் பேஸ்காரர் என்று நூற்றுக்கணக்கானவர்கள். இவர்களைச் சேர்ப்பதற்குக் கொஞ்சம் பணமும் நிறையப் பொறுமையும் போதும். எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். பேஸ்பால் விதிகள் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சேர்க்கச் சேர்க்க அது தானாக வந்துவிடும்.

எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள்

முதலில் காலவரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் விலையும் அளவும் கிடைக்கும் தன்மையும் காலத்தைப் பொறுத்தே மாறுகின்றன.

1880-களிலிருந்து 1910-கள் வரை வந்தவை பெரும்பாலும் புகையிலைக் கார்டுகள். சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே செருகிய சின்ன அட்டைகள் அவை. அதில் புகழ்பெற்றது 1909 முதல் 1911 வரை வெளிவந்த டி206 தொகுப்பு. ‘டி206’ என்பது ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தன் அட்டவணையில் கொடுத்த குறியீடு. அவர் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். பேஸ்பால் கார்டுகள் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல். இன்று நாம் பயன்படுத்தும் குறியீடுகளில் பல அவர் போட்டுக்கொடுத்தவை.

1930-களில் சூயிங்கம் கம்பெனிகள் வந்தன. பாஸ்டனின் கௌடி, பிறகு ‘ப்ளே பால்’ கார்டுகளை வெளியிட்ட பிலடெல்பியாவின் கம் இன்க். இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாட்டில் எல்லாம் நின்றுபோயின. 1948-ல் பௌமன் தொடங்கியது, 1951-ல் டாப்ஸ் களத்தில் இறங்கியது, 1956-ல் டாப்ஸ் பௌமனை விலைக்கே வாங்கிவிட்டது. அதன்பின் 1980 வரை பெரும்பாலும் டாப்ஸ்தான்.

புதியவர்கள் 1960-கள், 70-களின் டாப்ஸிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. போலி குறைவு, எங்கும் கிடைக்கும், நடுத்தர நிலையில் இருக்கும் 70-களின் காமன் பலவும் ஒரு டாலருக்கு முன்னே பின்னேதான். கண் பழகிய பிறகு 50-களுக்குப் போகலாம். புகையிலைக் கார்டுகள் கடைசியில் வரட்டும்.

சின்னதாக ஒரு எல்லை போடுங்கள்

‘பழைய கார்டு எதுவானாலும்’ என்று கிளம்பினால் ஆறே மாதத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தொடர்பில்லாத முகங்கள் சேர்ந்து, ஆர்வம் வடிந்துவிடும். முடிக்கக்கூடிய ஒரு சிறு தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அணியின் ஒரு வருடம் போதும். அல்லது ஒரே ஒரு ஆட்டக்காரரின் எல்லா வருடக் கார்டுகளும். டாப்ஸில் வருடத்துக்கு ஒரு கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

யாராவது என்னிடம் ஒரே ஒரு தொகுப்பைச் சொல்லச் சொன்னால், 1974 டாப்ஸின் ‘வாஷிங்டன்’ கார்டுகளைத்தான் சொல்வேன். கதை இது: 1973 முடியும்போது சான் டியேகோ பேட்ரெஸ் அணி விற்கப்பட்டு வாஷிங்டனுக்குக் குடிபெயரப் போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். டாப்ஸும் நம்பி, ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வாஷிங்டன்’ என்று போட்டு அச்சை ஓட்டிவிட்டது. 1974 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸின் ரே க்ராக் அணியை வாங்கி சான் டியேகோவிலேயே நிறுத்திவிட்டார். டாப்ஸ் அவசரமாகத் திருத்தி மறுபடி அச்சடித்தது. ஆகவே அந்த அணிக்காரர்களில் பலருக்கு ஒரே படத்தோடு இரண்டு கார்டுகள்: ஒன்றில் சான் டியேகோ, இன்னொன்றில் ஒருநாளும் களமிறங்காத ஒரு வாஷிங்டன் அணி. வாஷிங்டன் வகை மொத்தம் 15. அதில் பெரிய நட்சத்திரம் வில்லி மெக்கோவி ஒருவர்தான், அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். மற்றவை ஒவ்வொன்றும் சில டாலர்களுக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பதினைந்தில் 125-ஆம் எண் நேட் கோல்பர்ட். 1972 ஆகஸ்ட் 1 அன்று அட்லான்டாவில் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் ஐந்து ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர். அவருக்கு முன் ஸ்டான் மியூசியல் மட்டுமே செய்த சாதனை அது. 1954-ல் செயின்ட் லூயிஸில் மியூசியல் அதைச் செய்தபோது பார்வையாளர் வரிசையில் எட்டு வயதுப் பையனாக உட்கார்ந்திருந்ததும் இதே கோல்பர்ட்தான்! இன்று அமெரிக்காவிலேயே பேஸ்பால் பார்க்கும் பலருக்கு அவர் பெயர் தெரியாது. 364-ஆம் எண் சிட்டோ காஸ்டன், பின்னாளில் டொரான்டோ ப்ளூ ஜேஸின் மேலாளராக 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு உலகத் தொடர்களை, அதாவது சீசன் முடிவில் நடக்கும் இறுதிப் போட்டிகளை, வென்றார். உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின மேலாளர் அவர். 173-ஆம் எண் ராண்டி ஜோன்ஸ், இரண்டே வருடத்தில் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கியவர். ஒரு தொகுப்புக்குள் இவ்வளவு இருக்கிறது.

காமன் என்றால் எல்லாம் மலிவு என்று நினைக்காதீர்கள்

பட்டியலைப் பார்க்கும்போது புரியாத விலைகள் கண்ணில் படும். யாரென்றே தெரியாத ஒருவருக்கு நூறு டாலர் கேட்பார்கள். ஏமாற்று என்று முடிவு கட்டுவதற்கு முன் கீழே சொல்வதைப் பாருங்கள்.

முதல் காரணம் எண். 1973 வரை டாப்ஸ் கார்டுகளை ஒரே தவணையில் விடவில்லை. கோடைக்காலம் முழுக்கத் தவணை தவணையாகக் கடைக்கு அனுப்பியது. கடைசித் தவணை வரும்போது பள்ளி திறந்துவிடும், பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடும், கடைக்காரரும் குறைவாகவே வாங்கிவைப்பார். அதனால் அந்தக் கடைசி எண்களுக்கு, ‘ஹை நம்பர்’ என்று சொல்வார்கள், தட்டுப்பாடு வந்துவிட்டது. 1952 தொகுப்பில் 311 முதல் 407 வரை அப்படி. அதில் விற்காமல் கிடங்கில் தேங்கியவற்றை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1967 தொகுப்பில் 534 முதல் 609 வரை இதே நிலைமை. ஆகவே ஒரு வருடத்து முழுத் தொகுப்பையும் முடிக்க ஆசைப்பட்டால், கடைசித் தவணை எத்தனையில் தொடங்குகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தில் பாதி அங்கேதான் போகும். 1974-லிருந்து 660 கார்டுகளையும் ஒரே நேரத்தில் விட்டார்கள், அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, முதல் எண். 1952-ன் 1-ஆம் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் மேன்டில் வரிசையில் வருபவர் இல்லை. பிள்ளைகள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள். மேலே இருந்த பாஃப்கோதான் அத்தனை அடியையும் வாங்கினார். அதனால் சேதமில்லாத பாஃப்கோ கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை எங்கேயோ போகும். அடிபட்ட பாஃப்கோ பரவாயில்லை என்றால் அந்தப் பிரச்சினையே கிடையாது.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர். அறுபதுகளில் புதுமுகங்களை ஒரே கார்டில் இரண்டு, மூன்று, நான்கு பேராகப் போடுவார்கள். 1963-ன் 537-ஆம் எண்ணில் அல் வைஸ் என்ற இளைஞரின் முகம், பின்னாளில் பெரிய நட்சத்திரமான பீட் ரோஸின் முகத்தோடு சேர்ந்து வருகிறது, அதனால் அது எட்டாத விலை. வைஸ்தான் வேண்டும் என்றால் 1969 கார்டை எடுங்கள். மெட்ஸ் அணிக்காக அந்த வருட உலகத் தொடரில் .455 என்ற அபாரமான மட்டைச் சராசரி அடித்து, ஐந்தாவது ஆட்டத்தில் சமன் செய்யும் ஹோம் ரனையும் அடித்தவர். சாதாரண சீசன்களில் அவர் தன் வாழ்நாள் முழுக்க அடித்ததே ஏழு ஹோம் ரன்தான்.

நான்காவது, கதை வெளியே தெரிந்துவிட்டால். மோ பெர்க் .243 என்ற சுமாரான மட்டைச் சராசரியோடு ஓய்வுபெற்ற ஒரு மாற்று கேட்ச்சர். ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை செய்தவர் என்பதால், அவருடைய 1933 கௌடி கார்டுக்குக் காமன் விலை பொருந்தாது.

தரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ. 1991-லிருந்தும் எஸ்.ஜி.சி. 1998-லிருந்தும் செய்கின்றன. ஒரு கார்டுக்கு இருபது டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். மூன்று டாலர் காமனை அனுப்புவதில் அர்த்தமில்லை. ஆனால் அவர்களுடைய அளவுகோலைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர்கள் பேசுவது அந்த மொழியில்தான்.

பார்க்க வேண்டியவை: நான்கு முனைகள், ஓரங்கள், படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, மேற்பரப்பில் மடிப்பு உண்டா. மடிப்பு இருக்கிறதா என்று நேர் வெளிச்சத்தில் தெரியாது. கார்டைச் சாய்த்து, ஓரத்திலிருந்து விளக்கொளி படும்படி பிடித்தால் கோடு எழும்பி நிற்கும். பின்பக்கத்தில் பழுப்புக் கறை இருந்தால் அது அனேகமாகச் சூயிங்கம்மோ மெழுகுத்தாளோ விட்ட தடம்.

என் விருப்பம் 3-க்கும் 5-க்கும் நடுவில் இருப்பவை. முனை உருண்டிருக்கும், நிறம் நன்றாக இருக்கும், முகம் தெளிவாகத் தெரியும். மடிப்பு முகத்தின் குறுக்கே போனால் மட்டும் விட்டுவிடுவேன். பின்னால் ஒரு பையன் பென்சிலில் தன் பெயரை எழுதி வைத்திருந்தால் விலை பாதியாகும். எனக்கு அப்படிப்பட்ட கார்டுகள் மிகவும் பிடிக்கும்.

எங்கே வாங்குவது

ஈபேயில் தேடும்போது வருடம், கம்பெனி, எண், பெயர் நான்கையும் போடுங்கள். கேட்கும் விலையை நம்பாமல், ‘விற்றுமுடிந்தவை’ என்ற வடிகட்டியைத் தட்டி உண்மையில் என்ன கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசிப் பத்து விற்பனையைப் பார்த்தாலே விலை பிடிபட்டுவிடும். முன் பின் இரண்டு படமும் போடாதவரிடம் வாங்காதீர்கள்.

காமன் வாங்குவதில் தபால்செலவுதான் எதிரி. ஒரு டாலர் கார்டுக்கு ஐந்து டாலர் தபால் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஒரே விற்பவரிடம் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து வாங்குங்கள். ஸ்போர்ட்லாட்ஸ் என்ற தளம் காமன்களுக்கென்றே பேர்போனது. காம்சி என்று சுருக்கமாகச் சொல்லும் தளத்தில் வாங்கியதை அவர்கள் கிடங்கிலேயே விட்டுவைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரே பொட்டலமாக வரவழைக்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அவர்கள் தம் நாட்டுச் சுங்கவரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருந்தால் கார்டு கண்காட்சிக்குப் போங்கள். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய தேசியக் கண்காட்சி ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. சிறிய ஊர்களில் ஹோட்டல் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும் வார இறுதியில் நடப்பவை இன்னும் நல்லவை. மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் காமன்கள் வருட வாரியாக அடுக்கியிருக்கும். தேவைப் பட்டியலை எண் வரிசையில் எழுதிக் கொண்டுபோங்கள். உறையிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன் கேளுங்கள். இருபது கார்டைச் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு ‘மொத்தமா என்ன?’ என்று கேட்டால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். மதியத்துக்குப் பிறகு, மூட்டை கட்டும் நேரத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

கையில் வந்ததும்

அளவை எடுங்கள். 1957 முதல் டாப்ஸ் கார்டு 2½-க்கு 3½ அங்குலம். 1952 முதல் 1956 வரை கொஞ்சம் பெரியது, 2⅝-க்கு 3¾. டி206 மிகச் சிறியது, 1 7/16-க்கு 2⅝. அளவு குறைந்து, ஓரம் மட்டும் புத்தம்புதிதாகக் கூர்மையாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். 1983-ல் டாப்ஸே 1952 தொகுப்பை மறுபதிப்புச் செய்தது, ஆனால் அது சின்ன அளவு. அளவுகோல் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

1971 தொகுப்பின் கறுப்பு ஓரம் கொஞ்சம் உரசினாலே வெள்ளை தெரியும். அதை மார்க்கரால் மூடி விற்பவர்கள் உண்டு. கார்டின் பக்கவாட்டைப் பாருங்கள்: தாளின் வெட்டுமுகம் வெள்ளையாக இருக்க வேண்டும், மை இறங்கியிருக்கக் கூடாது. போருக்கு முந்தைய கார்டு என்றால் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், தாளை வெளுப்பாக்கும் பிற்காலத்து ரசாயனம் அதில் இருக்கிறது. வேண்டாம்.

பத்திரப்படுத்துவது எளிது. பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் முதலில் போட்டு, விலை கூடியதானால் அதன்மேல் டாப் லோடர் என்ற கெட்டியான உறை. மற்றவற்றை ஒன்பது அறை ஆல்பம் தாளில் வைக்கலாம், பி.வி.சி. கலக்காதது என்று போட்டிருக்க வேண்டும். 1952–56 கார்டுகளுக்கு எட்டு அறைத் தாள் தனியாகக் கிடைக்கிறது. வெயில் படாத, ஈரம் ஏறாத இடம். ரப்பர் பேண்ட், லேமினேஷன், அழிரப்பர், ஈரத்துணி எதுவும் கிட்டே வரக்கூடாது.

அந்த ஆளைத் தேடுங்கள்

இதைச் செய்யாவிட்டால் நீங்கள் சேர்ப்பது பழைய அட்டை மட்டும். கார்டு வந்த அன்றே பின்பக்கத்தைப் படித்துவிட்டு, பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவருடைய எண்களைப் பாருங்கள். பிறகு சேபர் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் தேடுங்கள். ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களைப் பற்றி ஆர்வலர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள், இலவசம். ஒரு நோட்டில் கார்டு எண், வாங்கிய தேதி, விலை, அப்புறம் அவரைப் பற்றி நாலு வரி.

அப்படித் தேடும்போதுதான் 1960 டாப்ஸின் பம்ப்ஸி கிரீன் யார் என்று தெரியும்: அன்றைய பதினாறு அணிகளில் கடைசி அணியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1959-ல் களமிறக்கிய அதன் முதல் கறுப்பின ஆட்டக்காரர், பெரிய லீகின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. 1965-ல் மசனோரி முரகாமி: அமெரிக்கப் பெரிய லீகில் ஆடிய முதல் ஜப்பானியர், அவருக்கு அடுத்தவர் வர 1995 ஆகிவிட்டது. 1969-ல் அவுரேலியோ ரோட்ரிகெஸ் பெயரில் வந்த கார்டில் இருப்பது அவரே இல்லை, அணியின் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். 1964-ன் 550-ஆம் எண் கென் ஹப்ஸ். 1962-ல் சிறந்த புதுமுகம், தொடர்ந்து 78 ஆட்டம் பிழையே செய்யாத இரண்டாம் பேஸ்காரர். விமானப் பயத்தைப் போக்கிக்கொள்ள விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டவர், 1964 பிப்ரவரியில் யூட்டாவில் தன் சிறு விமானம் விழுந்து 22 வயதில் இறந்தார். டாப்ஸ் அந்தக் கார்டை நினைவஞ்சலியாக வெளியிட்டது.

வாஷிங்டன் பதினைந்தும் முடிந்த பிறகு

அடுத்து எதற்குப் போகலாம் என்று கேட்டால், 1952 முதல் 1980 வரை வருடத்துக்கு ஒரு காமன், மொத்தம் 29 கார்டுகள். 1953-ன் ஓவியம், 1956-ன் படுக்கைவாட்டுக் கார்டு, 1962-ன் மரப்பலகை ஓரம் என்று எல்லா வடிவமைப்பும் கைக்கு வந்துவிடும். ஹை நம்பரைத் தொடாமலே முடிக்கலாம். கூடவே 1955 பௌமன் ஒன்று எடுங்கள், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஆள் நிற்பது போன்ற வடிவம். அந்தத் தொகுப்பில் நடுவர்களுக்கும் கார்டு உண்டு, சேர்ப்பதற்கு அருமையானவர்கள்.

அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் ஒரு டி206. ஆட்டக்காரர் யாரானாலும் சரி. முகம் நன்றாகத் தெரிவதாக, பின்னால் பீட்மான்ட் அல்லது ஸ்வீட் கேப்பரல் சிகரெட் விளம்பரம் இருப்பதாகப் பாருங்கள், அவைதான் அதிகம் அச்சானவை, அதனால் மலிவு. அரிய விளம்பரம் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பவரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம். இந்த ஒன்றை மட்டும், பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி. 1 அல்லது 2 மதிப்பெண் போட்டு உறையிட்டதாகவே வாங்குங்கள். மறுபதிப்புகள் ஏராளமாக உலவும் தொகுப்பு இது, உறைக்கான கூடுதல் பணம் இங்கே வீணில்லை.